அரை மணிநேரம் நின்ற மெஷின்

போன மாசி மாதம், வீரமுனைப் பக்கத்து வயலில் நடந்தது இது. கல்முனையில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் எனக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். நம் நாட்டில் மிக அரிதாகிவிட்ட கறுப்புக் கழுத்து நாரை ஒன்று காலையில் அங்கே இறங்குவதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். அவருக்குக் கொக்கும் நாரையும் ஒன்றுதான். எனக்காக வந்தார்.

விளைந்த நெல்லுக்கு அப்பால், தேங்கிய நீரில் அது நின்றது. என் நெஞ்சளவு உயரம், நீண்ட சிவந்த கால்கள். வெயில் பட்டதும் அந்தக் கறுப்புக் கழுத்தில் நீலமும் பச்சையும் மின்னின. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னால் அறுவடை மெஷின் உறுமியது. நாரை கழுத்தை நிமிர்த்தியது. பறந்துவிடுமே என்ற பதற்றத்தில், மெஷினைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு வரம்பில் ஓடினேன். சறுக்கிச் சேற்றில் விழுந்தேன்.

வயலின் சொந்தக்காரிதான் கைகொடுத்துத் தூக்கினார். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஏச்சு விழும் என்று நினைத்தபடியே விஷயத்தைச் சொன்னேன். முதலில் வடக்கே கறுத்துவந்த வானத்தைப் பார்த்தார். பிறகு நாரையைப் பார்த்தார்.

"தம்பி, எஞ்சினை நிப்பாட்டுங்க."

"மழை இருட்டுது அக்கா. மறுகா என்னைக் குறை சொல்லப்படா," என்றார் டிரைவர்.

"சொல்லமாட்டன். அது திண்டுட்டுப் போகட்டும்."

அரை மணிநேரம் மெஷின் நின்றது. பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். "கண் மஞ்சளா இருக்கு," என்று மெதுவாகச் சொன்னார். மஞ்சள் கண் என்றால் அது பெண் நாரை என்றேன். சிரித்தார். மீன் ஒன்றை விழுங்கிவிட்டு, அகன்ற சிறகை விரித்து, அது தானாகவே எழுந்து போனது.

பிறகு வெட்டத் தொடங்கினார்கள். கால்வாசி மிச்சமிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நானும் கணவரும் ஓடி ஓடிப் படங்கை இழுத்து நெல் மூட்டைகளை மூடினோம். ஆனாலும் சில மூட்டைகள் நனைந்துவிட்டன.

"என்னாலதான் அக்கா," என்றேன்.

"நெல்லைக் காய வைக்கலாம். அது இன்னொருக்கா வருமெண்டு ஆர் கண்ட?" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு போகத்து உழைப்பு கண்முன்னே நிற்க, மழையும் இருட்டிவர, என்னால் மெஷினை நிறுத்தச் சொல்லியிருக்க முடியுமா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஓம் என்று சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.