எண்ணாமல் விட்ட பெருவிரல்

சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு டூட்டிங் புரோட்வேயில் ரயில் ஏறினோம். மூர்கேட் வரை பதின்மூன்று நிலையங்கள். பால்ஹம் வருவதற்குள் மூன்று முறை கைக்கடிகாரம் பார்த்துவிட்டேன்.

மனோர் பார்க்கில் தமிழ் முதியோர் கூட்டம். மகனைப் பார்க்க ஊரிலிருந்து லண்டன் வந்திருந்த நான் பதினொரு மணிக்கு அங்கே பேச வேண்டும். அமெரிக்கா ஏன் கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸைப் பிடித்தது என்பது தலைப்பு. யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவனுக்கு அது பெரிய காரியமில்லை. மகனுக்கு ஷிப்ட் என்பதால் துணைக்கு வந்தவள் மருமகள் மரிஸா, பிலிப்பைன்ஸ்காரி; மகனிடம் எங்கள் தமிழ் பழகிக்கொண்டவள். அவள் முன்னால் அவள் நாட்டைப் பற்றி எப்படிப் பேசுவது என்றுதான் இருப்புக்கொள்ளவில்லை.

மூர்கேட்டில் எலிசபெத் பாதை ரயிலுக்கு மாறினோம். இந்த ரயிலில் இரைச்சல் இல்லை. பேசாமல் தப்ப முடியாது.

"என்ன சொல்லப் போறியள், மாமா?"

பெருவிரலால் சுண்டுவிரலிலிருந்து தொட்டுத் தொட்டு எண்ணினேன். சீனச் சந்தைக்குப் போகும் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற ஒரு துறைமுகம். கரும்புச் சீனி. விற்று முடியாத தொழிற்சாலைச் சரக்கு. மற்ற வல்லரசுகள் முந்திவிடும் என்ற பயம். நான்கு.

"பெருவிரல் மிச்சம்."

"அது எண்ணிற விரல், பிள்ளை. அதை எண்ணிறேல்லை."

"அப்ப வாத்திமார்? எங்களை மனுசராக்கப் போறம் எண்டுதானே பிடிச்சவை. பட்டாளக் கப்பலில அமெரிக்க வாத்திமாரும் வந்தவை."

ஸ்ட்ராட்பர்ட் போய்விட்டது. என் பாட்டனார் எழுத்தறிந்தது எங்கள் ஊர் அமெரிக்க மிஷன் பள்ளியில். எங்கள் வீட்டில் அமெரிக்கன் என்றால் ஆசிரியர். துப்பாக்கி வேறு கணக்கு.

"என்ர அப்பாவின்ர பாட்டனை அமெரிக்கர் சுட்டவை," என்றாள், சன்னலைப் பார்த்தபடி. "அப்பா அவையின்ர கடற்படைக் கப்பலில சமைச்சவர். அந்தப் பென்ஷனிலதான் நான் நேர்ஸ் படிச்சன்."

பத்தே முக்காலுக்கு மண்டப வாசலில் கூட்டத் தலைவர் கைகொடுத்தார். "வாங்கோ மாஸ்டர். உங்களைப் பாக்கிற நேர்ஸையும் கூட்டி வந்திட்டியளோ? அவ பின்னுக்கு இருக்கலாம்."

மரிஸாவின் முகம் சுருங்கியது. "நான் வெளியில நிக்கிறன், மாமா."

"இவ என்ர மருமகள். முன்னுக்கு இருப்பா," என்றேன். எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

மேடையில் நான்கு காரணங்களையும் சொன்னேன். பிறகு, அறுபது பேர் பார்க்க, பெருவிரலை நிமிர்த்தினேன். ஐந்தாவது, படிப்பிக்கப் போகிறோம் என்ற நினைப்பு. மற்ற நான்கையும் அதுதான் நல்ல கணக்காக எண்ணிக் காட்டியது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணை, அந்த வாத்திமார் வராட்டி நீங்கள் மாடெல்லோ மேய்ச்சிருப்பியள்," என்றார். மண்டபம் சிரித்தது.

"ஓம். அதாலதான் இவ்வளவு காலமும் எண்ணாமல் விட்டனான்."

மரிஸா சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து, எனக்கு இடம் விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பறக்கிறேன். பட்டாளமும் வாத்திமாரும் வந்த அந்தக் கப்பலை நான் கண்டதில்லை. ஊரில் மிஷன் பள்ளியின் கல்மதில் என் வீட்டிலிருந்து அரை மைல். பால் வாங்கத் தினமும் அதைக் கடந்துதான் போக வேண்டும்; இனி எண்ணாமல் கடக்க முடியாது.