பவளத்துக்கு எந்த லைட்?

என் கடல்மீன் தொட்டியில் இருக்கும் பவளம் நான்கு நாட்களாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. ஹாலைடு பல்பா, நீல டியூபா என்று முடிவெடுக்க முடியாமல் நானும்தான்.

இன்று காலை எர்ணாவூர் ஷேர் ஆட்டோவில் இரண்டின் விளம்பர அட்டைகளையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் காத்திவாக்கத்தில் படகு ஓட்டுபவராம்.

"இன்னா நைனா அது?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கடல்ல எத்தினி பாகம் ஆழத்துல இருந்துச்சு அது?" இரண்டு கைகளையும் விரித்து, ஒரு பாகம் இவ்வளவு என்று காட்டினார்.

"தெரியாதுங்க."

"வலை மாட்டிக்கினா முழுவி எடுக்குறவன் நான். ஆறு பாகம் கீழ போனா வெளிச்சமே மாறிப்பூடும், சேப்பு லுங்கியே கருப்பா தெரியும். அது எங்க இருந்துச்சுன்னே தெரியாம நீ இன்னா லைட்டு வாங்குவ?"

இறங்கியதும் பவளம் விற்ற கடைக்குப் போன் போட்டேன். "எவ்ளோ ஆழத்துல எடுத்தது?"

கடைக்காரர் சொன்னார்: "அத்த யாரு சார் கண்டது? எங்களுக்கு பிளாஸ்டிக் கவர்லதான் வந்துச்சு."

இத்தனை வாட் போடு, அத்தனை வாட் போடு என்று நேற்று இந்தக் குழுவில் எனக்குப் பாடம் எடுத்த பதினோரு பேரும், உங்கள் பவளம் எத்தனை பாகத்திலிருந்து வந்தது என்று கீழே எழுதிவிட்டுப் போகவும்.