சம்பந்திக்குத் தெரியக்கூடாது

வளைகாப்பு முடிந்து மகளைக் கூடலூரிலிருந்து ஓடைப்பட்டிக்கு அழைத்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எட்டாம் மாதம் முடியும் தறுவாய். நான் வங்கிக்குப் போய்விட்டு வந்தபோது அவள் மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்கள். காலையில் கொல்லையில் வழுக்கி, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதி விழுந்திருக்கிறாள். நான் கேட்டதால் மத்தியானம் சொன்னார்கள்.

"வயித்துல பட்டுச்சா?"

"லேசாத்தான்," என்றாள் மனைவி, மகள் வாயைத் திறக்குமுன்.

வாசலில் மச்சினன் ஜீப்போடு நின்றான். ஆண்டிபட்டியில் எலும்புக்குக் கட்டுப்போடுகிறவரிடம் போகிறார்களாம். பக்கத்து ஆஸ்பத்திரி ஆகாது. அங்கே நர்ஸாக இருப்பவள் சம்பந்திக்குச் சொந்தம்.

"அவ பாத்தா பொழுதடையுறதுக்குள்ள கூடலூருக்குத் தெரிஞ்சுரும். பிள்ளைய வச்சுப் பாக்கத் துப்பில்லையான்னு கேப்பாக," என்றாள் மனைவி.

"ரத்தம் படலைல மச்சான், பெறகென்ன?" என்றான் மச்சினன்.

சுகாதாரத் துறை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். பேறுகாலத்தில் அடிபட்டால் என்ன செய்வது என்ற சுற்றறிக்கையை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன். என் வீட்டு அடுப்படிக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி பிரிந்து, ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கலாம். அதனால் வலி இருக்கிறதோ இல்லையோ, உடனே பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைக்கட்டு அப்புறம்.

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன்.

"சைரன் சத்தம் தெருவுக்கே கேக்குமே," என்றாள் மனைவி.

"கேக்கட்டும்."

ஆம்புலன்ஸ் கொண்டுபோய் விட்ட பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் இருந்தவர் மகளின் கையைப் பார்த்துவிட்டு, "எலும்பு வார்டு அங்கன," என்றார்.

"பிரசவ வார்டைக் காட்டுங்க," என்றேன்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை அசையுதா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். "காலையில இருந்து கொறவுதான். அப்பவே அம்மாட்ட சொன்னேன்."

மனைவி சுவரைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால், ரத்தக்கொதிப்பு ஏறி என்னையும் ஒரு வார்டில் சேர்த்திருப்பார்கள்.

வயிற்றில் பட்டையைக் கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பை மணிக்கணக்கில் பார்த்தார்கள். மகளின் ரத்தம் நெகட்டிவ் வகை. அடிபட்டதில் பிள்ளையின் ரத்தம் கலந்திருந்தாலும் கெடுதல் வராமலிருக்க அதற்கான ஊசியும் போட்டார்கள். துடிப்பு சீராக இருந்தது. பிள்ளையும் அசையத் தொடங்கியது. ஆனாலும் ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள்.

மறுநாள் சேதி கேட்டுச் சம்பந்தியம்மா வந்தாள். திட்டவில்லை. "ஏன் அப்பவே சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல மதினி. இவகதான் ஊரக் கூட்டிட்டாக," என்றாள் மனைவி.

"ஆம்பளைகளுக்குப் பயம் சாஸ்தி," என்றாள் சம்பந்தியம்மா. இருவரும் சிரித்தார்கள். நல்லபடியாக முடிந்ததே, பயப்பட ஒன்றுமில்லை என்பதற்கு அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது. இனி இந்தக் குடும்பத்தில் எவள் விழுந்தாலும் இந்தச் சாட்சியைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் மகள் பக்கம் குனிந்து, "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லம்மா?" என்றேன்.

"போடத்தான் எடுத்தேன்ப்பா. அம்மா வாங்கி வச்சுக்கிருச்சு."

மனைவியின் மடியில் இருந்த அந்தப் போனை, சம்பந்தியம்மா பார்க்கவே எடுத்து, மகளின் அடிபடாத கையில் வைத்தேன்.