கீழ்த்தட்டை யார் கழுவியது?

பேர்லினில் நான் வார இறுதிகளில் வழிகாட்டியாக இருந்த அருங்காட்சியகத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் துப்புரவு வேலை பார்த்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. ரொட்டியை அவர் பாண் என்பார். முகர்ந்து பார்க்காமல் ஒரு துண்டுகூட வாயில் வைக்கமாட்டார். கெட்டுவிட்டதா என்று பார்க்கிறார் என நினைத்திருந்தேன்.

ஒருநாள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே, உள்ளே இருந்த பாய்மரக் கப்பல் மாதிரியின் கதையைக் கேட்டார். அடிமைகளைக் கீழ்த்தட்டில் அடைத்து ஏற்றிச் சென்ற கப்பல் அது, பிறகு கடற்படை அதைப் பிடித்து மற்ற அடிமைக் கப்பல்களைத் துரத்தவே பயன்படுத்தியது என்றேன். முடிவு நல்லதாக இருப்பதால் பார்வையாளர்களுக்கு அந்தக் கதை பிடிக்கும்.

"கீழ்த்தட்டை ஆர் கழுவினது, தம்பி?"

"தெரியலண்ணே. எங்கயும் எழுதி வைக்கல."

"கழுவினாலும் அந்த மணம் போகாது," என்றார். "நாங்கள் ஒளிச்சு வந்த லொறிக்குள்ள ரெண்டு பேர் மூச்சுமுட்டிச் செத்துப்போச்சினம். பிறகு அதிலதான் பாண் ஏத்தினவையாம்."

இடைவேளையில் வழக்கம்போல் தன் பாணில் பாதியைப் பிய்த்துத் தந்தார். அன்று நானும் முகர்ந்து பார்த்தேன். ரொட்டி வாசனைதான் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.