கோயிலில் இரண்டு தூம்பா

கிறிஸ்தவக் கோயிலில் கோயில்பிள்ளை வேலை என்றால் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி கொளுத்துவது என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும். பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம்.

புதுச் சாமியார்

பங்குக்குப் புதிதாக ஒரு சாமியார் வந்தார். சின்ன வயது. பின்பக்க அறையைத் திறந்து காட்டினேன். இரண்டு தூம்பா கிடந்தன. தூம்பா என்றால் பிணத்தைக் கல்லறைக்குத் தூக்கிப் போகும் மரப்பெட்டி. பிணத்தைக் குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவோம். ஒன்று பச்சை, ஒன்று கருப்பு.

"ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு ஒண்ணா?" என்றார்.

"இல்ல சாமி. பச்சை மேலத்தெருவுக்கு. கருப்பு காலனிக்கு."

மனிதர் சுவரில் சாய்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள்தான். ஒரே பூசை, ஒரே ஞானஸ்நானத் தொட்டி. இரண்டு பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மோட்சத்துக்கும் ரெண்டு வாசல் வச்சிருக்கீங்களா?"

பெயிண்டர் கோவிந்தன்

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் தூம்பாவுக்குப் பெயிண்ட் அடிக்க கோவிந்தனைக் கூப்பிட்டோம். கல்வராயன் மலைக்காரன். ஏசுவைத் தெரியாது, பிரஷ்ஷைத் தெரியும். பழைய கலரையே அடி என்று சொல்லிவிட்டு மணி அடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தேன். இரண்டும் கருப்பு. இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளைச் சிலுவை. நிழல் பார்த்து இடம் மாற்றி மாற்றிக் காய வைத்திருக்கிறான். எது எது என்று அவனுக்கே தெரியவில்லை. கத்தினேன்.

"பச்சை கம்மியா இருந்துது பெரியவரே. செத்தவங்களுக்கு இன்னா கலரு தெரியப் போவுது?"

மேலத்தெரு சாவு

அதே மாதம் மேலத்தெரு அந்தோணிசாமி செத்தார். பெரிய கை. தூர ஊரிலிருந்து மகள் வரட்டும் என்று போட்டு வைத்ததில் மறுநாளே உடம்பு ஊத ஆரம்பித்துவிட்டது. மகன் லூர்து ஆட்களோடு தூம்பா எடுக்க வந்தான். பார்த்தான். முகம் வெளுத்தது.

"யோவ், எங்களுது எதுய்யா?"

"தெரியாது."

நம்புவீர்களா? தட்டிப் பார்த்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள். ஒருவன் மோந்தே பார்த்தான்! கள்ளக்குறிச்சிக்கு ஆள் அனுப்பிப் புதுப்பெட்டி வாங்கலாம் என்றான் லூர்து. அதுவரை பிணம் தாங்காது என்றார் சாமியார். தாங்காவிட்டாலும் பரவாயில்லை, காலனிப் பெட்டியில் அப்பாவை வைக்க மாட்டேன் என்று நின்றான். சொந்த மகன்!

அப்போது அவன் தாய் திரேசம்மாள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். சாவு வீட்டை விட்டுப் பொம்பளை வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மகனைப் பிடித்து உலுக்கினாள்.

"டேய், ஒங்கப்பன் படுக்கையோட கெடந்தப்போ பீ மூத்திரம் அள்ளி, பொரட்டிப் போட்டது காலனி பாக்கியம். நீ எட்டிக்கூடப் பாக்கல. அவ கையி ஆச்சி, இந்தப் பொட்டி மட்டும் ஆவாதா?"

கல்லறையில்

கைக்குக் கிடைத்ததைத் தூக்கினார்கள். எது என்று இன்றுவரை தெரியாது.

பாக்கியம் கல்லறை மதிலுக்கு வெளியே நின்றாள். மேலத்தெரு சாவுக்குக் காலனி ஆட்கள் அங்கேதான் நிற்க வேண்டும், அது வழக்கம். திரேசம்மாள் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். லூர்து குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். அவள்மேல் வீசப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவள் கையில் வைத்தான். "நீ போடு மொதல்ல" என்றான்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. குழியைப் பார்த்துத்தான் பேசினாள்: "இனிமே பொரட்டிப் போட ஆளு தேவையில்ல ஐயா. தூங்கு."

மிச்சம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் நீங்களும் என்னைப் போல ஏமாளி. அடுத்த வாரம் பெருக்கப் போனேன். ஒரு தூம்பாவின் அடியில் எவனோ ஆணியால் அடையாளம் கீறி வைத்திருக்கிறான். சாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்: "கோவிந்தன் வச்சிட்டுப் போன மிச்சப் பெயிண்டு எங்க?"

இப்போது நான் மணி அடிப்பதில்லை. ஆனால் இன்றைய கோயில்பிள்ளைக்கு நான் கொடுத்த சாமான்களில் மெழுகுவர்த்தியைவிட அந்தக் கருப்புப் பெயிண்டு டப்பாவுக்குத்தான் வேலை ஜாஸ்தி.