வெர்னா வாங்கிய தோட்டா

அடுத்த வீட்டு ஹெஸ்டரின் கதவைப் பட்டப்பகலில் யாரோ ஒருவன் உதைத்துத் திறந்தான். அவளை நாற்காலியோடு கவிழ்த்துவிட்டு, மாத்திரைகளையும் டிவியையும் அள்ளிக்கொண்டு போனான். அன்றிலிருந்து வெர்னா டகெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவில், ஆர்க்கன்சா மலைச்சரிவில், ஜல்லி ரோட்டின் கடைசியில் வீடு. ஷெரீப்பின் போலீஸ் ஆள் வந்து சேர்வதற்குள் திருடன் டிவியை விற்றுச் செலவும் செய்திருப்பான்.

வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பனி உறைந்த வளைவுகளில், பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு கத்தும்போதும் அவள் பயந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது பகலிலேயே கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புருஷன் ராய்ஸுக்குக் கோழி இறைச்சி ஆலையில் இரவு வேலை. பொழுது சாய்ந்தால் தகரப் பெட்டிபோல நீளமான அந்த டிரெய்லர் வீட்டில் அவளும், ஆறு வயது மகள் ஜோசியும், மாமனார் விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியும்தான். துப்பாக்கி வெறுமையாக இருந்தது.

தோட்டா வாங்கத் தீவனக் கடைக்குப் போனாள்; அந்த ஊரில் தோட்டாவும் அங்கேதான். கடைக்காரன் வெர்ஜிலிடம் வீட்டுக் காவலுக்கு எது நல்லது என்று கேட்டதுதான் தாமதம், மாட்டுத் தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வாய் திறந்துகொண்டது. ஒருவன் பெரிய ஒற்றைக் குண்டுதான் என்றான், கரடியே விழுமாம். ஒருவன், துப்பாக்கியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்றான். இவர்கள் யார் வீட்டிலும் திருடன் நுழைந்ததில்லை. தெரியாத விஷயத்தில் ஆம்பிளைகளுக்கு இருக்கிற தெளிவே தனி.

"புறாவுக்குப் போடுற பொடி ஈய ரவை வேணாம் தங்கச்சி. அவன் மேல மண்ண அள்ளிப் போட்ட மாதிரிதான்," என்றான் வெர்ஜில். "மான் ரவை வாங்கிக்க, மானச் சுடுற பெரிய குண்டு. ஆளு எந்திரிக்க மாட்டான்."

பயந்தவள் எதை வாங்குவாள்? ஆளை எழவிடாததைத்தான். மான் ரவைப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று பொடி ரவையும் ஒரு பெட்டி.

வீட்டுக்கு வந்து, தன் கட்டிலில் உட்கார்ந்து, வெறும் துப்பாக்கியால் சமையலறையிலுள்ள வாசல் கதவைக் குறிபார்த்தாள். திருடன் வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கதவை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய பலகைச் சுவர், அதில் ஜோசி வரைந்து ஒட்டிய ஊதா நிறக் குதிரை. குறி ஒரு கை அகலம் தவறினால் குதிரை. குதிரைக்குப் பின்னால் ஜோசியின் கட்டில். வெர்னா துப்பாக்கியை இறக்கினாள்.

சனிக்கிழமை ஜோசி சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனதும் சோதித்துப் பார்த்தாள். குளியலறை ஒழுகியபோது மாற்றிய சுவர்ப்பலகைகள் மிச்சம் கிடந்தன. அவற்றில் இரண்டை, சுவரில் இருக்கிற மாதிரியே இடைவெளி விட்டு, வாசலுக்கு எதிரே இருந்த மண்மேட்டின் முன் நிறுத்தினாள். பின்னால், அந்த ஊரில் எல்லோரும் செய்வதுபோல, ஆள் உடம்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தாள். கட்டிலுக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தில் நின்று மான் ரவையைச் சுட்டாள். பலகைகள் இருந்ததே துப்பாக்கிக்குத் தெரியவில்லை. கேன்கள் கிழிந்து தண்ணீர் மண்ணில் ஓடியது. அடுத்து, மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி என்று வெர்ஜில் சொன்ன பொடி ரவை. அதுவும் இரண்டு பலகையையும் துளைத்தது. முன்னால் இருந்த கேன் பொத்துக்கொண்டு சொட்டியது.

அவள் புல்லில் உட்கார்ந்து அழுதாள். திருடனை நிறுத்துகிற எதுவும் அந்தச் சுவரில் நிற்காது. தோட்டாவை மாற்றிப் பயனில்லை, கட்டிலைத்தான் மாற்ற வேண்டும். அன்று சாயங்காலமே ஜோசியின் கட்டிலை இழுத்துத் தன் கட்டிலுக்குப் பின்னால் போட்டாள். இனி குறிபார்க்கும் பக்கம் கதவு, சுவர், வெளியே மண்மேடு. யாரும் இல்லை. பெரியதாகவே இருக்கட்டும் என்று மான் ரவையைப் போட்டாள்.

விடியற்காலை இருட்டில், அரைத்தூக்கத்தில் இருந்தவளுக்குப் படி கிறீச்சிட்டது கேட்டது. கதவுக் கைப்பிடி மெல்ல, திருட்டுத்தனமாகத் திரும்பியது. வெர்னா துப்பாக்கியைத் தூக்கினாள். யார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. விசைமேல் விரல் போய்விட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே வந்தது ப்ளீச் நாற்றம். எத்தனை குளித்தாலும் போகாத, ஆலைத் தரை கழுவுகிற அந்த நாற்றம்.

பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், ராய்ஸ் நின்றான்.

அந்த மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் முற்றத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுத்தான் படியேறுவார்கள். சொந்த வீட்டுக்கும் அதே வழக்கம்தான். ஜோசி பிறந்தபின் ராய்ஸ் அதை விட்டுவிட்டான். பிள்ளை தூக்கம் கெடுமாம். சரிவிலேயே வண்டி விளக்கை அணைத்து, பூட்ஸைக் கழற்றி, பூனைபோல வருவான். அந்தப் பிரியத்தை வெர்னா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். சுவரை எண்ணினாள், கட்டிலை எண்ணினாள். அந்தக் கதவால் தினமும் வருகிறவனை எண்ணவில்லை.

துப்பாக்கியைத் தரையில் வைக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"கத்திக்கிட்டு வா ராய்ஸ்," என்றாள். "ஊரே முழிச்சாலும் பரவாயில்ல, கத்திக்கிட்டே வா."

அவன் துப்பாக்கியைப் பார்த்தான். பூட்ஸைக் கீழே வைத்தான்.

மறுநாள் விடியலில், வண்டி மேடேறும் முன்பே ஹாரன் அலறியது. பிறகு முற்றத்திலிருந்து, "நான்தான் வெர்னா, நான்தான்" என்று ராய்ஸின் கரகரத்த குரல். ஜோசி திடுக்கிட்டு எழுந்து வீல் என்று அழுதாள். வெர்னா அவளை மடியில் போட்டுக்கொண்டு, சமாதானம் சொல்லாமல், அழவிட்டாள்.