"பரவால்லீங்க" சின்னதுரை

களமருதூர் சின்னதுரைக்கு ஊரில் நல்ல பேர். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "பரவால்லீங்க" என்பான். அந்த நல்ல பேரைக் கேட்டாலே அவன் மனைவி குஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை வைத்துக்கொண்டு அவள் கண்ட சுகம் ஒன்றுமில்லை.

கல்யாணமான புதிதில், அவள் காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த அன்றும், நிலத்துக்காரர் கூப்பிட்டார் என்று தண்ணீர் பாய்ச்சப் போனவன் அவன். அதே நிலத்துக்காரர்தான் போன வருஷம், டிராக்டரை நிறுத்தாமலே, பின்னால் சுழன்று சேறடிக்கும் ரொட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை இழுக்கச் சொன்னார். "நிறுத்துங்க" என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. "சரிங்க" என்று குனிந்தான். வலது கெண்டைக்காலில் பாதிச் சதை சேற்றோடு போயிற்று. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் ஊன்றினால் மடங்கியது. சேற்றில் நிற்க முடியாதவனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

அப்போதுதான் சென்னை டாக்டர்கள் ஒரு புது வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பெருக்கி, சதை போன இடத்தில் ஊசியால் ஏற்றுவார்கள். சதை வளரலாம், வளராமலும் போகலாம், அதைத்தான் பார்க்கிறோம் என்று முதலிலேயே சொன்னார்கள். பலன் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு முறை ஊசி உண்டு என்றார்கள். குஞ்சம்மாள் அந்த இன்னொரு ஊசியைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். முதல் ஊசிக்குப் பிறகும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

பலன் பார்க்க டாக்டர்கள் கள்ளக்குறிச்சிக்கே வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் புருசன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வெள்ளிமலை ஊர்க்காரன் அய்யனார் உட்கார்ந்திருந்தான். மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து தொடைச் சதை கிழிந்தவன், அதே ஊசி போட்டுக்கொண்டவன். அவன் முதலில் உள்ளே போய், தேவலாம் என்று சொல்லிவிட்டு வந்தான். அடுத்துப் போன சின்னதுரை சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் குஞ்சம்மாள்.

"டாக்டரம்மாவுக்கு ரொம்ப சந்தோசம். நடந்து காட்டுங்கன்னாங்க. பல்லக் கடிச்சிக்கினு வெரசா நடந்துட்டன். வலி இல்லதானேன்னு சிரிச்சிக்கினே கேட்டாங்க. பரவால்லீங்கன்னன். இனிமே ஊசி வேணாமாம்."

"இன்னா மனுசன்யா நீ. வூட்ல காலப் புடிச்சிக்கினு மொனகறது யாரு?"

"அவங்க எம்மாம் பாடுபட்டாங்க. மூஞ்சிக்கு நேரா எப்டி ஒண்ணுமில்லன்றது?"

அவளுக்கு அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. கையைப் பிடித்துத் தரதரவென்று டாக்டர் விஜயலட்சுமியின் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"இவரு சொன்னது அத்தனையும் பொய்ங்க. நெலத்துக்காரருக்குப் பயந்து காலக் குடுத்தாரு. இப்ப உங்களுக்குப் பயந்து ஊசிய வேணான்றாரு. நீங்களும் நல்லா இருக்குதுதானேன்னு சிரிச்சிக்கினு கேட்டா, இந்த ஆளு வாயில வேற இன்னா வரும்?"

டாக்டரின் முகம் சிவந்தது. "ஐயா, இந்த வைத்தியம் வேலை செய்யுதான்னு எனக்கே இன்னும் தெரியாது. நீங்க பரவால்லன்னா அத நம்பி இன்னும் எத்தனையோ பேருக்குப் போடுவாங்க. உண்மையைச் சொல்லுங்க."

சின்னதுரை தரையைப் பார்த்தான். குஞ்சம்மாளைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

"வலிக்குதுங்க," என்றான். "ஊன முடியலீங்க. ஒண்ணும் ஆவலீங்க."

பெரியவர்கள் முன்னால் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவள் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. இந்த வாயை அன்றைக்கு ரொட்டவேட்டர் பக்கத்தில் திறந்திருக்கக் கூடாதா.

"ரெண்டாவது ஊசி போடுறோம்," என்றார் டாக்டர்.

குஞ்சம்மாள் திரும்பினாள். கதவருகே அய்யனார் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை.

"எனக்கும் அப்டித்தாங்க," என்றான்.